பக்கத்துப் படகுச் சத்தம்

அவரைக் கண்ணால் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே காதால் கேட்டுவிடலாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஓட்டுநரோடு ஏதாவது வாதம் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் மண்பாதையில் இறங்கிவிடுவார். வழியில் வாத்துகளுக்கு இரண்டு வார்த்தை, துருப்பிடித்த இரும்புக் கதவின் தாழ்ப்பாளுக்கு நாலு வார்த்தை. அதன் பிறகு பலகைப் பாலத்தின் மேல் அவருடைய மரச்செருப்பு டக் டக்கென்று வரும். அதோடு பாட்டும் வரும். பாட்டில் வரிகள் பாதிதான் இருக்கும், மீதியை அவரே கட்டிக்கொள்வார்.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேவுக்கு வெளியே, ரைன் நதி எந்தக் காலத்திலோ கைவிட்டுப் போன ஒரு கிளையில் எங்கள் துறை இருந்தது. பதினோரு படகுகள், பதினொன்றும் வீடுகள். அங்கே ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. படகுக்கு என்ன பெயரோ அதுதான் ஆளுக்கும். நான் மட்டும் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அதுவே இருக்கட்டும். பெயரைப் போட்டால் எங்கிருந்தாவது போன் பண்ணி, போனே தேவைப்படாத குரலில் ஏசுவார்.

யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே ஓர் அறை அளவுக்குப் பெரிய யந்திரங்கள் எட்டு மணி நேரமும் உருளுமாம், பக்கத்தில் நிற்பவரிடம் சோப்புத் தூள் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டுமாம். குரல் அப்படியே நின்றுவிட்டது என்பார். ஆனால் அது முழுக் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்டுட்கார்ட்டில் ஒரு கல்யாணம் இருந்திருக்கிறது. "அங்கை எனக்குச் சத்தம் போட ஏலாது" என்ற ஒரே வரியில் அந்தக் கதையை முடித்துவிடுவார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

நான் அந்தத் துறைக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் வேலை, மூன்றாவது மாடியில் வாடகை வீடு. இட்லி மாவு அரைத்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கீழ் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. மதியம் அமைதி நேரம், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம், இரவு பத்துக்கு மேல் குழாயைத் திறந்தால்கூட அமைதிக்குப் பங்கம். கடிதம் மிக மரியாதையான கடிதம். எட்டுக் கடிதங்கள் வந்தன, எட்டும் மரியாதையாகத்தான் இருந்தன. இரண்டு வருடத்தில் நான் பூனையாகிவிட்டேன். கதவைச் சாத்தினால் எனக்கே கேட்காது.

அந்த நேரத்தில்தான் ஆபீஸ் கேன்டீன் பலகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். இங்கிலாந்துக் கால்வாய்களுக்கென்று கட்டிய நீண்ட ஒல்லிப் படகு ஒன்று விற்பனைக்கு. அதை ரைனுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயர் ஊர் திரும்புகிறார். ரயில் பெட்டியை நீளவாக்கில் பாதியாக வெட்டியது போல் இருந்தது. உள்ளே கையை இரண்டு பக்கமும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். எனக்குக் கீழ் வீடு என்று ஒன்று இருக்காது என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் துறையின் சட்டம் தெரிந்தது. புதிதாக வருபவர் ஒரு குளிர்காலம் இருந்து காட்ட வேண்டும். வசந்தத்தில் கூட்டம் போடுவார்கள், மற்ற பத்துப் படகும் சம்மதிக்க வேண்டும். ஒரு படகு வேண்டாம் என்றாலும் இடம் இல்லை. வேறு துறைகளில் கேட்டுப் பார்த்தேன், எங்கும் காலியிடம் கிடையாது. சம்மதம் கிடைக்காவிட்டால் படகை வந்த விலைக்கு விற்றுவிட்டு மறுபடி மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியதுதான்.

எனவே நல்ல பெயர் எடுத்தே தீருவது என்று இறங்கினேன்.

துறையில் கரையோரப் பாலம் குட்டையானது. அதனால் படகுகளை மூன்று மூன்றாக, ஒன்றின் விலாவில் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். எங்கள் வரிசையில் பாலத்தை ஒட்டி முதலில் கேப்டனின் படகு. கேப்டன் நாற்பது வருடம் ரைனில் சரக்குக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள். அடுத்தது அக்காவின் படகு. கடைசியில் என்னுடையது. நான் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் கேப்டனின் தளத்தில் ஏறி, அக்காவின் தளத்தில் நடந்து போக வேண்டும். வேறு வழி இல்லை, தண்ணீர்தான்.

முதல் நாள் மாலை, நவம்பர் தூறல். கேப்டனின் படகில் கால் வைக்கப் போனவன் நின்றுவிட்டேன். அந்தத் தளத்துக்குக் கீழே ஒருவர் அடுப்படி இருக்கிறது, கட்டில் இருக்கிறது. அடுத்தவர் வீட்டின் மேல் ஷூவோடு ஏறி நடக்க எனக்கு மனசு வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஈரத் தளத்தில் வெறும் காலுறையோடு, இரண்டு வருடப் பயிற்சியில் ஒரு சத்தமும் இல்லாமல் கடந்து அக்காவின் படகுக்கு வந்தேன். திடீரென்று கூரைக் கதவு திறந்து ஒரு தலையும் ஒரு வாணலியும் வெளியே வந்தன. முதலில் ஜெர்மனில் ஓர் அதட்டல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாணலி இறங்கியது.

"தமிழோ?"

"ஆமாங்க."

"கையிலை என்ன?"

"ஷூங்க."

"அதை ஏன் கையிலை வச்சிருக்கிறீங்கள்?"

"உங்க வீட்டு மேல நடக்கிறேன்ல, அதான்."

அவர் சிரித்த சிரிப்பில் நாணல் பக்கம் இருந்த வாத்துகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடங்கோ தம்பி. ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம்" என்றார்.

இங்கேதான் நான் தவறினேன். நம் வீடுகளில் விருந்தாளி வாசலில் குனிந்தால் "பரவாயில்லை, செருப்போடயே வாங்க" என்று சொல்லாதவர் உண்டா? அதைக் கேட்டுச் செருப்போடு உள்ளே போனவர்தான் உண்டா? அவர் மரியாதைக்குச் சொல்கிறார், நான் மரியாதைக்குக் கழற்ற வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளும் கழற்றினேன். அதற்கு மறுநாளும்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய சத்தம் எனக்கு மெல்ல மெல்லப் பழகியது. பழகியது என்று சொல்வது குறைவு, அதுதான் எனக்குக் கடிகாரம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரும்பு உரலில் மிளகாய் இடிப்பார். என் படகிலிருந்த தேக்கரண்டிகள் எல்லாம் கூடவே ஆடும். பிறகு தும்மல். அவர் தும்முவார், நான் தும்முவேன், அந்தப் பக்கம் கேப்டன் தும்முவார். மூன்று படகுத் தும்மலும் முடிந்தால் துறையில் எல்லாருக்கும் தெரியும், இன்றைக்குச் சாப்பாடு இரண்டு மணிக்கு, தட்டோடு போனால் கிடைக்கும் என்று.

ஊரிலிருக்கும் தங்கையோடு போனில் பேசும்போது, அட்டையில் இருக்கும் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தாலும் பேச்சு அறுந்ததாகத் தோன்றாது. தங்கையின் மகள் ஏதோ பரீட்சையில் தேறிய செய்தி ஒரு நாள் வந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒன்பது படகுக்காரர்களும் அன்று மாலை வந்து அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். என்ன செய்தி என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல செய்தி என்பது மட்டும் குரலிலேயே தெரிந்துவிட்டதாம்.

டிசம்பரில் அந்தப் பக்கம் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. பாலம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று காலால் தடவித்தான் நடக்க வேண்டும். அந்த நாட்களில் வேலை முடிந்து வரும் யார் இரும்புக் கதவைத் திறந்தாலும் அக்கா வெளியே வந்துவிடுவார். ஒரு கையில் பானை மூடி, ஒரு கையில் அகப்பை. ஆள் தன் படகில் ஏறி உள்ளிருந்து குரல் கொடுக்கும்வரை தட்டிக்கொண்டே நிற்பார். எனக்கும் தட்டினார். அந்த வெள்ளைக்குள் டங் டங்கென்று கேட்ட திசையை நோக்கி நான் நடந்தபோது, இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் என் வருகைக்காக ஒருவர் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். அன்றும் ஷூ கையில்தான் இருந்தது.

"என்ன தம்பி, இன்னும் கழட்டிக்கொண்டு? போட்டுக்கொண்டு நடவும் எண்டு சொன்னனான் எல்லே?" நீங்கள் என்பது நீர் ஆகியிருந்தது. அது நெருக்கம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு முறை மட்டும் அவர் படகிலிருந்து சத்தமே வரவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. பதினொன்று ஆயிற்று, உரல் இல்லை. பதினொன்றரை ஆயிற்று. நான் வெளியே வந்து பார்த்தால் கேப்டன் வெளியே நிற்கிறார், அடுத்த வரிசைக்காரர்கள் நிற்கிறார்கள், எல்லாரும் அவருடைய கூரைக் கதவையே பார்க்கிறார்கள். கடைசியில் கேப்டன்தான் தட்டினார். முகத்தில் பாதி வீங்கி, கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு அக்கா தலையை நீட்டினார். முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் அவர் படகுக்கு ஏழு பாத்திரம் சூப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை பாட்டு திரும்பவும் கேட்டபோது நான் அலுவலகத்துக்கு ஒரு ரயிலைத் தவறவிட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் அவர் மூன்றாம் முறை ஏசினார். மார்ச்சில், கூட்டத்துக்கு முந்தின வாரம், நான்காம் முறை. "இனிக் கழட்டினீரெண்டால் ரெண்டு சப்பாத்தையும் பிடுங்கித் தண்ணிக்குள்ளை எறிவன். விசரே உமக்கு?" என்றார், பைத்தியமா என்று. என் பெரியம்மாவும் விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவ எழுந்தால் இப்படித்தான் ஏசிக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு வைப்பார். ஏச்சு கூடினால் உபசாரம் கூடுகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. சிரித்துக்கொண்டே கழற்றினேன்.

கூட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. யாருடனும் சண்டை இல்லை. தீபாவளிக்கு எல்லாப் படகுக்கும் மைசூர்பாகு கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேல் அக்கா இருக்கிறார். அவர் வாயைத் திறந்தால் எதிரே எவர் நிற்க முடியும்? "கூட்டத்துல நீங்கதான் எனக்காகப் பேசணும்" என்றேன். "பாப்பம்" என்றார். அவருக்கு அது மிகச் சின்னப் பதில். நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை, படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் கூட்டம். காப்பி, இரண்டு வகை கேக், ஒரு படகுக்கு ஓர் ஆள். என் விஷயம் வந்ததும் கேப்டன் எழுந்தார்.

"நான் வேண்டாம் என்கிறேன்" என்றார்.

வாய்க்குக் கொண்டுபோன காப்பியை அப்படியே மேசையில் வைத்தேன்.

"நாலு மாதம். தினமும் மாலை என் படகு சாய்கிறது, கோப்பையில் காப்பி சாய்கிறது. ஆனால் காலடிச் சத்தம் இல்லை. தளத்தில் யார் ஏறினாலும் எனக்குக் காலடியிலேயே ஆள் தெரியும். அதுதான் எங்களுக்கு அழைப்பு மணி. சத்தமில்லாமல் ஏறுகிறவன் ஒன்று திருடன், இல்லையென்றால் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கிறவன். ஒவ்வொரு நாளும் நெஞ்சு பதறிக் கதவைத் திறக்கிறேன். இந்த மனிதர், நேரம் கழித்து வீடு திரும்பும் புருஷன் மாதிரி, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்துப் புன்னகை வேறு. காலடியை ஒளிக்கிறவர் எதை ஒளிக்கிறாரோ, எனக்குத் தெரியாது."

அவர் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என்னை வரவேற்கத்தான் திறக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு முடிந்தது. இன்னொன்றை எடுத்தார். மற்றவர்கள் பேசினார்கள். ஒருவர் எனக்குச் சாதகமாக, ஒருவர் கேப்டனுக்குச் சாதகமாக, ஒருவர் மைசூர்பாகைப் பற்றி. பேச்சு நாற்பது நிமிடம் ஓடியது. அக்கா வாயைத் திறக்கவில்லை. பல் வலியோ என்றுகூடப் பார்த்தேன். கன்னம் வீங்கவில்லை, முகம் மட்டும் சிவந்திருந்தது. மேசைக்கடியில் ஒரு மரச்செருப்புக் காலை இன்னொரு காலால் அழுத்திப் பிடித்திருந்தார். வாத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் பேசுகிறவர், எனக்கு ஒரு வார்த்தை பேச மாட்டாரா?

கடைசியில் கேப்டனுக்கே பொறுக்கவில்லை. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் தளத்திலும்தானே நடக்கிறார்?" என்று அவரிடம் கேட்டார்.

அக்கா முள்கரண்டியால் என்னைக் காட்டினார். "அவருக்கு வாய் இருக்கு" என்று ஜெர்மனில் சொன்னார். மறுபடி கேக்.

வேறு வழியில்லாமல் எழுந்தேன். என் ஜெர்மன் மாலை வகுப்பு ஜெர்மன், அதையும் இரண்டு வருடமாகக் கிசுகிசுப்பாகவே பேசிப் பழகியவன். முதல் வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. "உரக்க" என்றார் ஒருவர். கோபம், பயம், அவமானம் எல்லாம் சேர்ந்து தொண்டையைத் திறந்துவிட்டன. வினைச்சொற்கள் எங்கே விழுந்தனவோ தெரியாது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"எங்கள் ஊரில் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு போக மாட்டோம். உங்கள் தளத்துக்குக் கீழே உங்கள் கட்டில் இருக்கிறது. உங்கள் கட்டிலுக்கு மேல் நான் எப்படி ஷூவோடு நடப்பேன்? அந்தப் பயத்தில்தான் கழற்றினேன். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஷூ போட்டுக்கொண்டு நட என்று அக்கா சொன்னார்."

"எத்தனை தடவை?" என்றார் கேப்டன்.

"நாலு."

"நாலு தடவை சொல்லியும்?"

"எங்கள் ஊரில் எல்லாரும் அப்படிச் சொல்வார்கள். யாரும் நம்ப மாட்டோம்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது. கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. "ஜனவரியில்? தளம் முழுக்கப் பனி உறைந்திருந்ததே?"

"அப்போது இரண்டு காலுறை போட்டுக்கொண்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "நாற்பது வருடமாக என் தளத்தில் துப்பியிருக்கிறார்கள், மீன் அறுத்திருக்கிறார்கள், குடித்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறார்கள். அதற்காக ஷூவைக் கழற்றியவர் யாரும் இல்லை" என்றார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "சம்மதம். ஆனால் நாளையிலிருந்து எனக்குக் கேட்க வேண்டும்" என்றார். மற்ற ஒன்பதும் வரிசையாகச் சம்மதம் என்றன. அக்கா கையை மட்டும் தூக்கினார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். இடம் கிடைத்த சந்தோஷத்தைவிடக் கோபம்தான் மேலே நின்றது. "ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா அக்கா? இடம் போயிருந்தா?"

"போயிருந்தா நானும் அழுதிருப்பன்" என்றார். "நான் கதைச்சிருந்தா உடனை தந்திருப்பினம், ஏன் தெரியுமோ? என்ரை வாய்க்குப் பயந்து. அது எனக்குத் தந்த இடமாத்தான் இருந்திருக்கும் தம்பி. பிறகு நீர் காலம் முழுக்க என்ரை ஆள். இப்ப இது உம்மடை இடம்." பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது நிமிசம். பல்லுப் பிடுங்கேக்கையும் இப்பிடி நோகேல்லை."

எனக்காக அதற்கு முன்பும் பின்பும் பலர் பேசியிருக்கிறார்கள். பேசாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தத் துறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடக்கி வைத்ததெல்லாம் மதியம் திறந்துகொண்டது. ஒரு படகுக்கு ஓர் ஆள்தானே கூட்டத்துக்கு வந்தார்கள்? கதை கேட்காதவர்கள் அநேகமாக எல்லாப் படகிலும் மிச்சம் இருந்தார்கள். அக்கா படகு படகாக ஏறிச் சொல்லத் தொடங்கினார். நான் என் படகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது படகில் அவர் சொன்ன கதையில் நான் பனிக்கட்டியில் வெறுங்காலோடு நின்றேன். நாலாவது படகில் கால் விறைத்து மருத்துவமனைக்குப் போகவிருந்தேன். துறையின் கோடிப் படகுக்குப் போனபோது நான் பேசிய பேச்சில் கேப்டன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

"நான் அழவில்லை" என்று கேப்டன் தன் தளத்துக்கு வந்து கத்தினார்.

"அழுதீர்கள்" என்று துறையின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது. "வேண்டுமென்றால் அவரைக் கேளுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணி. ஜெர்மனி முழுவதும் அமைதி நேரம். நான் கூரைக் கதவைத் திறந்துகொண்டு மேலே வந்து, வாயில் கையைக் குவித்து, இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி கத்தினேன்:

"அழுதார்!"